சைன் அலையின் இன்னொரு துண்டு

ஏப்ரல் 7, திங்கள்

பிளஸ் டூ விடைத்தாள் திருத்தும் முகாம் இன்று தொடங்கியது. விருதுநகரில், ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் உள்ள ஒரு தனியார் பள்ளி. சாத்தூரில் ஏழே கால் பஸ்ஸைப் பிடித்தால் எட்டு மணிக்கெல்லாம் போய்விடலாம். முதலில் போகிறவர்களுக்கு மின்விசிறிக்கு நேர் கீழே இடம் கிடைக்கும். பதினேழு வருடமாகக் கணக்குத் தாள் திருத்துகிறேன். இந்தத் தொழில் ரகசியம் இன்னும் பலருக்குத் தெரியவில்லை.

இந்த வருடம் நான் வரமாட்டேன் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். எங்கள் தலைமையாசிரியை, "விலக்கு வாங்கித் தர்றேன் வடிவு, வீட்ல இருங்க" என்றார். வீட்டில் இருந்து என்ன செய்வது? ரஞ்சனி போய் ஏழு மாதம் ஆகிறது. இருந்திருந்தால் என் மகளும் இந்தத் தேர்வை எழுதியிருப்பாள். அவள் தாளை எங்கோ ஒரு ஊரில் யாரோ திருத்திக்கொண்டிருப்பார்கள். இதை ஒரு முறை எழுதிவிட்டேன். இனி எழுத வேண்டியதில்லை.

காலையில் பன்னிரண்டு தாள், மாலையில் பன்னிரண்டு. பெயர், ஊர், பள்ளி எதுவும் இருக்காது. முகப்பைக் கிழித்துவிட்டு ஒரு டம்மி எண் போட்டுத் தருவார்கள். நாங்கள் ஆறு பேர் சிவப்பு மையில் திருத்துவோம். எங்களுக்கு மேலே முதன்மைத் தேர்வாளர் ஆசீர்வாதம் சார் பச்சை மையில் சரிபார்ப்பார். நல்ல மனிதர், அதிர்ந்து பேசமாட்டார்.

கேள்வி எண் 43, ஐந்து மதிப்பெண்: 'சைன் சார்புக்கு நேர்மாறு கிடைக்கும்படி அதன் சார்பகத்தைக் கட்டுப்படுத்தி, அந்த நேர்மாறின் வரைபடம் வரைக. அதன் சார்பகம், வீச்சகம் எழுதுக.' பாதிப் பிள்ளைகள் சைன் அலையை முழுசாகத் தூக்கி நிமிர்த்தி வைத்துவிடுகிறார்கள். சுவரில் பாம்பு ஏறுவதுபோல இருக்கிறது. அது சார்பே இல்லை. அதற்கு இரண்டுக்கு மேல் போட முடியாது.

மாலையில் தந்த விடைத்தாள் கட்டில் அருமையான தாள் ஒன்று. அடித்தல் திருத்தல் இல்லை, தொண்ணூறுக்குத் தொண்ணூறு போட வேண்டிய தாள். 43-இல் போய், சைனின் நேர்மாறைக் கேட்டால் கொசைனின் நேர்மாறை வரைந்து வைத்திருக்கிறது. ஏற வேண்டிய கோடு இறங்குகிறது. வீச்சகமும் படமும் போச்சு. மூன்று மதிப்பெண் குறைத்து எண்பத்தேழு போட்டேன். சரியான அவசரக்குடுக்கை. ஆசீர்வாதம் சாரும் பார்த்துப் பச்சை டிக் அடித்துக் கட்டை அனுப்பிவிட்டார்.


ஏப்ரல் 8, செவ்வாய்

இன்று தண்ணீர் வரும் நாள். எங்கள் தெருவில் எட்டு நாளைக்கு ஒரு முறைதான். நான் எழுந்திருப்பதற்குள் இவர் எல்லாக் குடத்தையும் நிரப்பி வைத்திருந்தார். இவர் மின்வாரிய அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். முன்பே பேச்சு குறைவு, இப்போது வீட்டில் பேச்சுக்குப் பதில் வேலைதான் செய்கிறார். குழாய்க்கு வாஷர் மாற்றுகிறார், ஒட்டடை அடிக்கிறார், துவைத்த துணியை மடித்து வைக்கிறார். இரண்டு பேருக்குச் சமைப்பது சீக்கிரம் முடிகிறது. அளவுதான் கைக்கு வரவில்லை. இன்றும் சாதம் மிஞ்சிவிட்டது.

பக்கத்து இருக்கையில் அருப்புக்கோட்டை மெஹராஜ் டீச்சர். நான்கு வருடமாக முகாமில் பழக்கம். மதியம் தன் டப்பாவிலிருந்து கத்தரிக்காய்க் கூட்டை என் பக்கம் தள்ளிவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"பாப்பா விஷயம் கேள்விப்பட்டேன் டீச்சர். எங்க வச்சு?"

"பைபாஸ் முக்குல. ஸ்கூட்டில டியூஷனுக்குப் போய்க்கிட்டு இருந்தா. தண்ணி லாரி."

"என்ன டியூஷன்?"

"மேத்ஸ்."

மெஹராஜ் டீச்சர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்க வீட்ல இருக்கையிலயா?"

"அவளாத்தான் கேட்டா. கூடப் படிக்கிற பிள்ளைக எல்லாம் போகுதுகன்னு."

ரஞ்சனிதான் டியூஷன் வேண்டும் என்று கேட்டாள். அவள் தோழிகள் எல்லோரும் அந்த சாரிடம்தான் போனார்கள். அவள்தான் கேட்டாள்.


ஏப்ரல் 9, புதன்

காலைக் கட்டில் ஐந்தாவது தாள். சுமாரான பிள்ளை. நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் இடையில் தடுமாறுகிற தாள். 43-இல் அதே இறங்கும் கோடு. இன்னொரு கொசைன் என்று பேனாவைக் கொண்டுபோனேன். கோட்டுக்குக் கீழே ஒரு வரி எழுதியிருந்தது. 'π/2 முதல் 3π/2 வரை உள்ள துண்டிலும் சைன் ஒவ்வொரு மதிப்பையும் ஒரே முறைதான் பெறுகிறது. எனவே இந்தத் துண்டுக்கும் நேர்மாறு உண்டு.'

அடிக்க முடியவில்லை. இதை நான் முன்பே கேட்டிருக்கிறேன். எங்கள் வீட்டு அடுப்படியில், ஆகஸ்டில், தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது.

எனக்கே ஒரு முறை தெளிவாகச் சொல்லிப் பார்க்கிறேன். சைன் அலை ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். அதற்கு முடிவே கிடையாது. கோணத்தைச் சொன்னால் அந்த இடத்தில் அலையின் உயரம் இவ்வளவு என்று சொல்லிவிடலாம். உயரத்தைச் சொல்லி, எந்தக் கோணத்திலிருந்து வந்தது என்று திருப்பிக் கேட்டால் கணக்கில்லாத பதில்கள் வரும். நேர்மாறு என்பது அந்தத் திருப்பிக் கேட்கும் கேள்விதான். அதற்கு ஒரே பதில் வேண்டுமென்றால் அலையில் ஒரு துண்டை மட்டும் வெட்டி எடுக்க வேண்டும். அந்தத் துண்டுக்குள் ஒவ்வொரு உயரமும் ஒரே முறை வர வேண்டும். பாடப்புத்தகம் −π/2 முதல் π/2 வரை உள்ள, ஏறுகிற துண்டை எடுக்கிறது. அது ஒரு வசதிக்காக, எல்லோரும் ஒன்றுபோல எழுதுவதற்காக. அதற்கு அடுத்த, இறங்குகிற துண்டை எடுத்தாலும் ஒரு குறையும் இல்லை. சார்பகம் அதே −1 முதல் 1 வரை. வீச்சகம் மட்டும் π/2 முதல் 3π/2 என்று மாறும். கேள்வித்தாளில் எந்தத் துண்டு என்று சொல்லவே இல்லை. 'நேர்மாறு கிடைக்கும்படி' என்றுதான் இருக்கிறது. விடைக்குறிப்பில் புத்தகத்தில் உள்ளதை மட்டும் போட்டிருக்கிறார்கள்.

பதினேழு வருடத்தில் ஒரு நாள்கூட நான் அந்த அடுத்த துண்டைக் கரும்பலகையில் வரைந்ததில்லை.

அந்தத் தாளுக்கு ஐந்துக்கு ஐந்து போட்டேன். போட்ட பிறகுதான் நினைவு வந்தது. திங்கட்கிழமைத் தாள். அது கொசைன் இல்லை. கொசைன் என்றால் வீச்சகம் 0 முதல் π வரை. அந்தப் பிள்ளை π/2 முதல் 3π/2 என்று தெளிவாக எழுதியிருந்தது, இப்போது கண்ணில் அப்படியே நிற்கிறது. நான் படிக்கவில்லை. கோடு இறங்கியதைப் பார்த்ததும் கை அடித்துவிட்டது. அகமதிப்பீட்டோடு சேர்த்து நூற்றுக்கு நூறு வர வேண்டிய பிள்ளைக்கு என்னால் தொண்ணூற்றேழு. அதைச் சரிசெய்தாக வேண்டும்.


ஏப்ரல் 10, வியாழன்

தேநீர் நேரத்தில் ஆசீர்வாதம் சாரிடம் சொன்னேன். அவர் ஒரு வெற்றுத் தாளை எடுத்து, தானே சைன் அலையை வரைந்து, இறங்கும் துண்டைப் பிரித்து, அச்சுகளை மாற்றி நேர்மாறையும் வரைந்தார்.

"பிள்ள எழுதுனது சரிதான் டீச்சர்."

"திங்கக்கிழமைக் கட்ட எடுத்துத் திருத்திறலாமா சார்?"

"அது உள்ள போயிட்டு. மார்க் ஏத்தி சீல் வச்சாச்சு. வெளிய எடுக்கணும்னா முகாம் அலுவலருக்கு எழுதிக் குடுக்கணும், அவரு சென்னைக்கு எழுதுவாரு. தப்பு யாரு மேலன்னு விசாரண வரும்." குரலை இன்னும் தாழ்த்தினார். "நீங்க போட்ட அடி மேல என் பச்ச டிக் கெடக்கு. எனக்கு மே முப்பத்தொண்ணோட சர்வீஸ் முடியுது. இப்ப ஒரு விசாரணைன்னா என்ன ரிட்டயர் ஆகவே விடமாட்டாங்க. முப்பத்திமூணு வருஷம் ஒரு மெமோ வாங்குனதில்ல டீச்சர்."

எனக்குப் பாவமாக இருந்தது. "சரி சார்" என்றேன். இனி வரும் தாள்களில் இந்தத் துண்டு வந்தாலும் முழு மதிப்பெண் போட வேண்டும் என்று எங்கள் ஆறு பேருக்கும் அப்போதே சொல்லிவிட்டார்.

சரி என்று நான் சொல்லியிருக்கக் கூடாது.


ஏப்ரல் 11, வெள்ளி

இருபத்து நான்கு தாள். அந்தத் துண்டை யாரும் வரையவில்லை.


ஏப்ரல் 12, சனி

மெஹராஜ் டீச்சரிடம் சொல்லிவிட்டேன். மனதில் வைத்துக்கொண்டு கூட்டல் போட முடியவில்லை, நேற்று ஒரு தாளில் மொத்தத்தையே தப்பாகப் போட்டேன்.

"எழுதிக் குடுத்துருங்க டீச்சர்" என்றார். "மூணு மார்க்குல அந்தப் பிள்ளைக்கு எந்தக் காலேஜ் போச்சோ."

"சார் பாவம்ல."

"சாரும் பாவந்தான். ஆனா அவரு அறுவது வயசு வரைக்கும் நல்லாத்தான இருந்துட்டாரு. பிள்ளைக்கு இப்பத்தான தொடங்குது."

மதியம் ஒரு வெள்ளைத் தாளில் மனுவை எழுதினேன். 'திங்கட்கிழமை மாலைக் கட்டில் ஒரு விடைத்தாளில் மாணவர் வரைந்தது சரி. நான் மதிப்பிட்டது தவறு.' இரண்டே வரி. கையெழுத்துப் போட்டு, மடித்து, முகாம் அலுவலர் அறை வாசல் வரைக்கும் போனேன். உள்ளே யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். காத்திருந்தேன். அவர்கள் வெளியே வந்தார்கள். நான் உள்ளே போகாமல் திரும்பி வந்துவிட்டேன்.

ஆசீர்வாதம் சாருக்காகத்தான் என்று மெஹராஜ் டீச்சரிடம் சொன்னேன். அது உண்மையில்லை. அந்த இரண்டு வரியை என் கையெழுத்தோடு கொடுத்துவிட்டால், இந்தப் பிள்ளை வரைந்தது சரி என்று நான் ஒப்புக்கொண்டதாகும். இந்தப் பிள்ளை வரைந்தது சரி என்றால் ஆகஸ்டில் எங்கள் அடுப்படியில் வரைந்ததும் சரி. அந்தக் கதவைத் தாண்ட என்னால் முடியவில்லை.


ஏப்ரல் 14, திங்கள், சித்திரை ஒன்று

முகாமுக்கு விடுமுறை. இவருடைய தங்கை சிவகாசியிலிருந்து வந்திருந்தாள். துக்க வீடு, பண்டிகை கிடையாது, எங்களைச் சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தவள். பாயசம் வைக்கவில்லை. சாம்பார், அப்பளம்.

சாப்பிடும்போது அவள் தன் மகன் படிக்கவே மாட்டேன் என்கிறான் என்று புலம்பினாள். இவர் சொன்னார்: "ரஞ்சனிக்கு ஒரு வார்த்த சொல்ல வேண்டி வந்ததில்ல. டியூஷன் போகணும்னு அவளாத்தான் கேட்டா. வீட்லயே டீச்சர் இருந்தும் இன்னும் படிக்கணும்னு அவ்வளவு ஆச." இவர் இதைத் துக்கத்துக்கு வந்த எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். ஆசைப்பட்டுப் போன இடத்தில் போனாள் என்பதில் இவருக்கு ஏதோ ஒரு பிடிமானம் இருக்கிறது. நான் அப்பளத்தை எடுத்து வைத்தேன். ஏழு மாதமாக அப்படித்தான், இந்தப் பேச்சு வரும்போது நான் எதையாவது எடுத்து வைப்பேன்.

எட்டாம் தேதி எழுதியது பொய். என் டைரியில் நானே பொய் எழுதியிருக்கிறேன்.

நடந்தது இதுதான். நேர்மாறு பாடத்தை அவள் வகுப்பில் முடித்திருந்தார்கள். இறங்கும் துண்டை வரைந்து எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தாள். "அம்மா, இந்தத் துண்டுலயும் எல்லாமே ஒரு தடவதான வருது. இத எடுத்தா என்ன?" என்றாள். நான் தோசைக் கரண்டியோடு எட்டிப் பார்த்தேன். கோடு இறங்கியது. "கொசைனப் போட்டு வச்சிருக்க" என்றேன். "இல்லம்மா, நல்லாப் பாரு" என்றாள். நான் நல்லாப் பார்க்கவில்லை. அவள் பையிலிருந்த சிவப்புப் பேனாவை எடுத்துக் குறுக்கே ஒரு கோடு போட்டுவிட்டு, "புக்ல உள்ளதப் போடு, அதுக்குத்தான் மார்க்" என்றேன்.

அவள் விடவில்லை. என்னைப் போலத்தான், விடமாட்டாள். "ஏன்னு கேட்டா நீ சொல்லவே மாட்டேங்கிற. அப்பிடித்தான்னு மட்டும் சொல்ற. நீ எப்பிடிம்மா டீச்சரான?" என்றாள்.

பதினேழு வருடமாக நூற்றுக்கு நூறு வாங்கித் தருகிற டீச்சர் நான். சுருக்கென்று இருந்தது. "எங்கிட்டப் படிக்கப் பிடிக்கலன்னா டியூஷனுக்குப் போ" என்றேன். மறுநாள் நானே அந்த சாருக்குப் போன் செய்து சேர்த்துவிட்டேன். அவள் போகமாட்டேன் என்று இரண்டு நாள் சொல்லிப் பார்த்தாள். நான் பிடிவாதமாக இருந்தேன். டியூஷனில் சேர்ந்த மூன்றாவது வாரம், வியாழக்கிழமை, மாலை ஐந்தே கால்.

அவள் கேட்டது சரி. நான் பார்க்காமல் அடித்தேன். அடித்ததை நிலைநாட்டத்தான் அவளை அனுப்பினேன்.


ஏப்ரல் 15, செவ்வாய்

முகாம் முடிந்தது. ஆசீர்வாதம் சார் ஒவ்வொருவரிடமும் வந்து சொல்லிக்கொண்டார். என்னிடம் வந்தபோது கும்பிட்டுவிட்டுப் போனார். மனு இன்னும் என் கைப்பையில் இருக்கிறது.


மே 12, திங்கள்

ரிசல்ட். எங்கள் பள்ளியில் கணக்கில் எல்லோரும் தேர்ச்சி, மூன்று பேர் நூறு. பிள்ளைகள் காலில் விழுந்து எழுந்தார்கள். தொலைக்காட்சிக்காரர்கள் வந்து பேட்டி எடுத்தார்கள். நான் கழிவறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

எங்கோ ஒரு வீட்டில் ஒரு பிள்ளை தொண்ணூற்றேழு என்று பார்த்திருக்கும். எங்கே மூன்று போயிற்று என்று யோசித்திருக்கும். விடைத்தாளின் நகல் கேட்டு வாங்கலாம், மறுமதிப்பீடு கேட்கலாம். ஆனால் தொண்ணூற்றேழு வாங்கிய பிள்ளையை வீட்டில், போதும் விடு என்றுதான் சொல்வார்கள். நானே சொல்வேன்.

மாநிலக் கணக்காசிரியர்களின் வாட்ஸப் குழுவில் எழுதிப் போட்டேன். 'கேள்வி 43-இல் π/2 முதல் 3π/2 வரை உள்ள துண்டை எடுத்து வரைந்த மாணவர்கள் யாராவது உங்கள் பள்ளியில் இருந்தால், தயவுசெய்து விடைத்தாள் நகல் கேட்கச் சொல்லுங்கள். அவர்கள் விடை சரி. சில இடங்களில் மதிப்பெண் குறைக்கப்பட்டிருக்கிறது.' குறைத்தது நான்தான் என்று எழுதவில்லை. எழுதினால் ஆசீர்வாதம் சாரும் மாட்டிக்கொள்வார். இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது அவருக்கு.

ஒருவர் சண்டைக்கே வந்துவிட்டார். புத்தகத்தில் உள்ள முதன்மை மதிப்பைத்தான் எழுத வேண்டும், பிள்ளைகளைக் குழப்பாதீர்கள் என்றார். கேள்வியை மறுபடி படியுங்கள் சார் என்று மூன்று முறை எழுதினேன். நாற்பது பேர் கட்டைவிரல் காட்டினார்கள். எத்தனை பேர் பிள்ளைகளிடம் சொன்னார்களோ தெரியாது.


ஜூன் 2, திங்கள்

ஆசீர்வாதம் சார் ஓய்வு பெற்றுவிட்டார். சனிக்கிழமை நடந்த பிரிவு உபசார விழாவுக்குப் போகவில்லை. போனில் வாழ்த்துச் சொன்னேன். "உங்கள மறக்க மாட்டேன் டீச்சர்" என்றார்.

இனி என்னைத் தடுக்க எதுவும் இல்லை. மனுவை எடுத்து, தேதியை மாற்றி, கல்வி அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். அங்கே இருந்த எழுத்தர் படித்துவிட்டு, "டம்மி நம்பர் என்னங்க?" என்றார். தெரியாது என்றேன். "நம்பர் இல்லாம எந்தத் தாளன்னு தேடச் சொல்றீங்க? லட்சக்கணக்குல இருக்கு. பிள்ள அப்ளை பண்ணாத்தான் உண்டு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் சொன்னது நியாயம். முகாமில் இருந்தபோது கட்டு பக்கத்து அறையில்தான் இருந்தது. ஒரு கதவு தாண்டியிருந்தால் போதும்.


ஜூன் 20, வெள்ளி

நகல் வாங்கியவர்கள் மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்க இன்று கடைசி நாள்.


ஜூலை 16, புதன்

மூன்றாவது பீரியட் நடந்துகொண்டிருந்தபோது தலைமையாசிரியை ஆள் அனுப்பினார். போனதும் கதவைச் சாத்தச் சொன்னார். முகம் சரியில்லை. "உட்காருங்க வடிவு. பதட்டப்படாதீங்க" என்று ஓர் உறையை நீட்டினார்.

குறிப்பாணை. ஆசீர்வாதம் சார் பயந்த அதே மெமோ. பிளஸ் டூ கணக்கு, டம்மி எண், கேள்வி எண் 43. மறுமதிப்பீட்டில் மூன்று மதிப்பெண் கூடி, மாணவர் பெற்ற மதிப்பெண் 87 என்பது 90 என மாற்றப்பட்டுள்ளது. சரியான விடைக்கு மதிப்பெண் மறுத்ததற்கு ஏழு நாட்களுக்குள் விளக்கம் அளிக்க வேண்டும்.

தொண்ணூறு என்ற இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அந்தப் பிள்ளை கேட்டிருக்கிறது. யாரோ சொல்லிக் கேட்டதோ, தானாகவே விடாமல் கேட்டதோ தெரியவில்லை. என்னை மறந்து சிரித்துவிட்டேன். சிரிப்பு எப்போது அழுகையானது என்று தெரியவில்லை. தலைமையாசிரியை எழுந்து வந்து என் முதுகைத் தடவினார். "ஒரு மெமோவுக்கா இப்பிடி அழுவாங்க? பாத்துக்கிடலாம் வடிவு" என்றார். "இது நல்ல செய்தி டீச்சர்" என்றேன். எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே நினைத்திருப்பார்.

மாலையில் ஆசீர்வாதம் சார் போன் செய்தார். எப்படியோ கேள்விப்பட்டிருக்கிறார். "என் பேரும் அதுல இருக்கணும்லா. நானும் எழுதிக் குடுக்கேன் டீச்சர்" என்றார். வேண்டாம் என்றேன். பச்சை டிக் பிறகு வந்தது. முதலில் அடித்தது நான்தான்.


ஜூலை 17, வியாழன்

பள்ளியிலிருந்து வந்ததும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து விளக்கத்தை எழுதினேன். ஆசிரியர் சங்கத்திலிருந்து ஒரு மாதிரிக் கடிதம் அனுப்பியிருந்தார்கள். பணிச்சுமை, வெயில், விடைக்குறிப்பில் இல்லாதது, மன உளைச்சல் எல்லாம் அதில் இருந்தது. மகள் இறந்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள், இரக்கம் பார்ப்பார்கள் என்று சங்கச் செயலாளர் போனில் சொன்னார். அதில் ஒன்றையும் எழுதவில்லை.

'மாணவர் எழுதியது சரி. கேள்வியில் எந்தத் துண்டு என்று குறிப்பிடப்படவில்லை. வீச்சகத்தையும் மாணவர் சரியாகவே எழுதியிருந்தார். நான் அதைப் படிக்கவில்லை. என் தரப்பில் விளக்கம் ஏதும் இல்லை.' இவ்வளவுதான் எழுதினேன்.

அதோடு ஒரு படிவமும் நிரப்ப வேண்டியிருந்தது. பெயர், பணியில் சேர்ந்த நாள், எத்தனை வருட முகாம் அனுபவம். கடைசிக் கட்டத்தில், 'இதற்கு முன் இத்தகைய பிழை செய்தது உண்டா?' என்று இருந்தது. 'ஆம். ஒரு முறை' என்று எழுதினேன். யோசித்து எழுதவில்லை. பேனா அப்படித்தான் எழுதியது.

இவர் அலுவலகத்திலிருந்து வந்து முகம் கழுவிவிட்டு எதிரில் உட்கார்ந்தார். அரசாங்கக் கடிதம் எழுதுவதில் இவர் கெட்டி, எழுத்துப்பிழை பார்த்துத் தரச் சொல்லி இரண்டையும் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். படிவத்தின் கடைசிக்கு வந்ததும் விரலை வைத்து நிறுத்தினார்.

"இது என்ன, ஆம்னு போட்டிருக்க? உனக்கு இதுக்கு முன்னாடி மெமோ வந்ததே இல்லையே."

"மெமோ வரல. தப்புப் பண்ணியிருக்கேன்."

"எந்த வருஷம்?"

"போன ஆகஸ்ட்."

ஆகஸ்டில் முகாம் ஏது என்று கேட்க வாயெடுத்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டுப் படிவத்தைக் கீழே வைத்தார். சொல்லிவிட்டேன். தோசை வார்த்துக்கொண்டிருந்தது, சிவப்புப் பேனா, அவள் கேட்டது, நான் சொன்னது, டியூஷன் சாருக்கு நான் போன் செய்தது, அவள் போகமாட்டேன் என்றது. ஒன்றையும் விடவில்லை. "அவளாக் கேட்டுப் போகல. நான்தான் அனுப்புனேன். நீங்க எல்லார்ட்டயும் சொல்லும்போது நான் கேட்டுக்கிட்டே இருந்தேன்" என்றேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். எழுந்து வெளியே போய்விடுவார், இனி என் முகத்தில் விழிக்கமாட்டார் என்றும் நினைத்தேன். பத்து மாதமாக நான் பயந்தது இந்த நிமிடத்துக்குத்தான். இவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். தெருவில் யாரோ ஒரு பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அவ அன்னைக்கு வரஞ்சது," என்றார். மறுபடி தொடங்கினார். "அன்னைக்கு அவ வரஞ்சது சரியா?"

"சரி."

"முழுசாச் சரியா?"

"ஆமா. அஞ்சுக்கு அஞ்சு."

இவர் தலையை ஆட்டினார். "அஞ்சுக்கு அஞ்சு" என்று தனக்குத்தானே ஒரு முறை சொல்லிக்கொண்டார். பிறகு மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதார். லாரி ஏறிய இடத்துக்கு ஓடியவர், ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டவர், கொள்ளி வைத்தவர், ஒரு நாளும் அழாதவர், சத்தம் போட்டு அழுதார். நான் எழுந்துபோய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் கையைத் தட்டிவிடுவாரோ என்று பயந்துகொண்டே தோளில் வைத்தேன். தட்டிவிடவில்லை. பிடித்துக்கொள்ளவும் இல்லை.

வெகுநேரம் கழித்து நிமிர்ந்து, முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு, கண்ணாடியைப் போட்டார். கடிதத்தில் ஒரு ஒற்றுப்பிழை இருந்தது, அதைத் திருத்தினார். 'ஆம். ஒரு முறை' என்ற இடத்துக்கு வந்தபோது நான் சொன்னேன்: "அத அடிச்சுருங்க. அது அவங்களுக்கு வேண்டாதது."

"அடிக்க வேணாம்" என்றார். "இது ஒண்ணாவது அடிக்காம இருக்கட்டும்."

படிவத்தை மடித்து உறையில் போட்டு என் பக்கம் நகர்த்தினார். நாளைக்குத் தலைமையாசிரியையிடம் கொடுக்க வேண்டும்.